மாக்கிங்பேர்ட் நாவல்: படித்தவர்களும் பாதியில் மூடி வைத்தவர்களும் கேட்ட சந்தேகங்கள்

ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை நிறையப் பேருக்கு இரவல் கொடுத்திருக்கிறேன். இரண்டு பிரதிகள் திரும்பி வரவே இல்லை, அது வேறு கதை. எங்கள் வாசிப்பு வட்டத்திலும் மூன்று முறை எடுத்துப் பேசியாயிற்று. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். கதையின் முடிவுவரை எல்லாமே இதில் வெளிப்பட்டுவிடும். வழக்கின் முடிவு முதல் பதிலிலேயே வந்துவிடும், மற்றது தெரிய வேண்டாம் என்கிறவர்கள் முதல் நாலைந்து கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இது என்ன கதை? ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க.

அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில் மேகோம் என்று ஒரு சின்ன ஊர். 1933 கோடையில் கதை தொடங்கி 1935 அக்டோபர் கடைசியில் முடிகிறது. ஸ்கவுட்டுக்கு அப்போது ஆறு வயது ஆகப்போகிறது, அண்ணன் ஜெம் நாலு வயது மூத்தவன், அம்மா இல்லை, அப்பா அட்டிகஸ் ஃபிஞ்ச் வக்கீல். டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்துவிட்டதாகப் பொய்ப் புகார் வருகிறது. அவருக்காக வாதாடும்படி நீதிபதி அட்டிகஸை நியமிக்கிறார். வழக்கு தோற்கிறது, டாம் செத்துப்போகிறார், ஊர் மறுபடி வழக்கமான வேலையைப் பார்க்கப் போகிறது.

இதை 'நல்ல வக்கீல் ஒருவரின் கதை' என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தான் பிறந்து வளர்ந்த தெரு, தனக்கு கேக் சுட்டுத் தருகிற பக்கத்து வீடு, பாடம் சொல்லித்தரும் டீச்சர், இவர்களுக்குள்ளேதான் அந்த வெறுப்பு குடியிருக்கிறது என்று ஒரு சின்னப் பெண் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடிக்கும் கதை இது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

மேகோம்னு நிஜமாவே ஒரு ஊர் இருக்கா?

இல்லை, கற்பனை ஊர். ஆனால் அச்சு அசலாக லீ பிறந்த மன்ரோவில்தான் அது. அவர் 1926இல் அங்கே பிறந்தார், 2016இல் அங்கேயே இறந்தார். அப்பா அமாசா கோல்மன் லீ வக்கீலாகவும் பத்திரிகை ஆசிரியராகவும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். கதையில் கோடை விடுமுறைக்கு வந்து போகும் டில் என்ற பையன், பக்கத்து வீட்டில் உறவினர்களோடு இருந்த ட்ரூமன் கேபோட்டி. ஆமாம், பின்னாளில் பெரிய எழுத்தாளரான அதே கேபோட்டிதான். மன்ரோவில்லின் பழைய நீதிமன்றம் இப்போது அருங்காட்சியகம்.

மாக்கிங்பேர்ட்னா மைனாவா? அதைக் கொல்றதுக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்?

மைனா இல்லை. அது அமெரிக்கப் பறவை, நம் பக்கம் கிடையாது, அதனால் தமிழில் பழக்கமான பெயரும் இல்லை. சாம்பல் நிறம், மற்ற பறவைகளின் குரலை எல்லாம் அப்படியே திருப்பிப் பாடும். நம் காடுகளில் துடுப்புவால் கரிச்சான் இந்த வித்தையைச் செய்யும், அதை நினைத்துக்கொள்ளலாம். கதையில் பிள்ளைகளுக்கு ஏர் ரைஃபிள் பரிசாக வருகிறது. நீலநிற ஜே பறவைகளை எத்தனை வேண்டுமானாலும் சுடு, மாக்கிங்பேர்டைச் சுடுவது மட்டும் பாவம் என்கிறார் அப்பா. தோட்டத்தைத் தின்பதில்லை, சோளக் களஞ்சியத்தில் கூடு கட்டுவதில்லை, நமக்காகப் பாடுவதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை என்று எதிர்வீட்டு மிஸ் மௌடி அதற்குக் காரணம் சொல்கிறார்.

யார் அந்தப் பறவை என்று பரீட்சையில் கேட்டால் டாம் ராபின்சன், பூ ராட்லி (இவரைப் பற்றிக் கீழே வரும்) என்று இரண்டு பேரை எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் இந்த உவமையில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு, வெள்ளை ரட்சகர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஸ்கவுட் பையனா பொண்ணா? நாப்பது பக்கம் வரைக்கும் பையன்னே நினைச்சேன்.

பெண். முழுப்பெயர் ஜீன் லூயிஸ் ஃபிஞ்ச். மரம் ஏறுவாள், பையன்களை அடிப்பாள், கவுன் போட மாட்டாள். பெண்பிள்ளை மாதிரி இரு என்று அத்தை அலெக்ஸாண்ட்ரா படுத்தும் பாடும் கதையில் ஒரு முக்கியமான இழை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கதை சொல்வது சின்ன ஸ்கவுட் இல்லை, வளர்ந்து பெரியவளான ஸ்கவுட் திரும்பிப் பார்த்துச் சொல்வது. ஏழு வயதுக் குழந்தைக்கு இவ்வளவு வார்த்தை எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.

நூறு பக்கம் தாண்டியும் கேஸ் வரலையே, பக்கத்து வீட்டுப் பேய்க்கதைதான் ஓடுது. தாண்டிப் படிக்கலாமா?

தாண்டாதீர்கள். மொத்தம் 31 அத்தியாயம், முதல் பகுதி 11. அந்தப் பதினொன்றில் பெரும்பங்கு பூ ராட்லிக்குத்தான். (எங்கள் வட்டத்தில் ஒருவர் பூ என்றதும் மலர் என்றே எடுத்துக்கொண்டார். இல்லை, குழந்தைகளைப் பயமுறுத்த 'பூ!' என்று கத்துவோமே, அந்தப் பூ. உண்மைப் பெயர் ஆர்தர்.) வெளியே தலைகாட்டாமல் பல வருஷமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கும் மனிதர் அவர். அணிலைப் பச்சையாகத் தின்பார், ராத்திரியில் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார் என்று ஊர் கதை கட்டியிருக்கிறது. பிள்ளைகள் அதை நம்பி நாடகம் போட்டு விளையாடுகிறார்கள். அப்புறம் ராட்லி வீட்டு மரப்பொந்தில் சூயிங்கம், பழைய காசு, சோப்பில் செதுக்கிய பொம்மை என்று ஒவ்வொன்றாகக் கிடைக்க ஆரம்பிக்கிறது. ஒருநாள் அவருடைய அண்ணன் அந்தப் பொந்தைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார். அன்றைக்கு ஜெம் தனியாக வாசலில் நின்று அழுகிறான்.

ஒரு மனிதரைப் பார்க்காமலேயே அவரைப் பற்றி எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவதை இந்தப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்கிறார்கள். இரண்டாம் பகுதியில் அதையே பன்னிரண்டு பெரியவர்கள் ஜூரியாக, அதாவது தீர்ப்புச் சொல்லும் குழுவாக, நீதிமன்றத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள். முதல் பகுதியைத் தாண்டிவிட்டால் இது மனதில் உறைக்காது, வெறும் கோர்ட் கதையாகப் போய்விடும்.

பெத்த அப்பாவையே பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களே, இது அங்க சாதாரணமா?

அங்கேயும் சாதாரணம் இல்லை, அந்த வீட்டு வழக்கம் அது. பிள்ளைகளைச் சமமாக நடத்துகிறார் என்று காட்டத்தான். ஆனால் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தால் இந்த நாவலில் வேறொரு கதவு திறக்கும். கால்பர்னியா என்ற கறுப்பினப் பெண்தான் அந்த வீட்டுச் சமையல்காரர், பிள்ளைகளை அடித்து வளர்த்து எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர். ஜெம்முக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் ஒருநாள் அவர் அவனை 'மிஸ்டர் ஜெம்' என்று அழைக்கத் தொடங்குகிறார். தான் தூக்கி வளர்த்த பையனை! கதையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஸ்கவுட் மட்டும் கொஞ்சம் எரிச்சல்படுகிறாள். வெள்ளைக்காரப் பையன் பெரியவன் ஆவதற்கு அந்த ஊரில் இதுவும் ஒரு அடையாளம்.

நீங்க ஏன் டாமை 'அவர்'னு எழுதுறீங்க? நாங்க எல்லாம் 'அவன்'னுதான் பேசினோம்.

இதை ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். அதற்கு முன்னால் நானும் கவனித்ததில்லை. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். தமிழில் வாயைத் திறந்தாலே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வட்டத்தில் அட்டிகஸ் 'அவர்', நீதிபதி 'அவர்', ஷெரிஃப் 'அவர்', டாம் மட்டும் 'அவன்'. 25 வயது, கல்யாணமாகி மூன்று குழந்தைகள், தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிற மனிதர். இன உணர்வோ வெறுப்போ துளியும் இல்லாத நாங்கள், அவருக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டே, 'அவன்' என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நீதிமன்றத்தில் அரசு வக்கீல் கில்மர் டாமைக் குறுக்கு விசாரணை செய்யும்போது 'பையா' என்ற தொனியில்தான் கூப்பிடுகிறார். அதைக் கேட்கச் சகிக்காமல் குட்டிப் பையன் டில் அழுதுகொண்டே வெளியே ஓடுகிறான். அன்றிலிருந்து நான் 'அவர்' என்றுதான் எழுதுகிறேன்.

டாம் பண்ணலைனு அவ்வளவு தெளிவாத் தெரியுதே, அப்புறமும் ஏன் குற்றவாளினு தீர்ப்பு?

ஆதாரம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். புகார் சொன்ன பெண் மயெல்லா யூவெல்லின் முகத்தில் வலது பக்கம்தான் காயம், அப்படியென்றால் அடித்தவர் பெரும்பாலும் இடதுகைக்காரர். டாமின் இடது கை சிறு வயதில் பஞ்சு அரவை இயந்திரத்தில் மாட்டிச் சூம்பிப்போனது, வலது கையைவிட ஓர் அடி குட்டை. மயெல்லாவின் அப்பா பாப் யூவெல்லைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் அட்டிகஸ். இடது கையால் போடுகிறார். டாக்டரைக்கூட யாரும் கூப்பிடவில்லை. வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

டாமை மாட்டிவிட்டது ஆதாரம் இல்லை, ஒரு வார்த்தை. ஏன் அந்தப் பெண்ணுக்குச் சும்மா சும்மா வேலை செய்து கொடுத்தாய் என்று கேட்கிறார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொல்லிவிடுகிறார் டாம். கறுப்பர் ஒருவர் ஒரு வெள்ளைக்காரிமேல் இரக்கப்படுவதா? அந்த நீதிமன்றத்தில் அதுதான் பெரிய குற்றம். சாட்சியத்தை எடைபோட ஜூரி உட்காரவில்லை, யார் மேலே யார் கீழே என்ற வரிசையைக் காப்பாற்ற உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் தீர்ப்புக்குப் பல மணி நேரம் ஆகிறது, ஊரின் ஏழை விவசாயிகளான கன்னிங்ஹாம் குடும்பத்துக்காரர் ஒருவர் விடுதலைதான் என்று பிடிவாதமாக நின்றிருக்கிறார். மிஸ் மௌடி அதை ஒரு சின்ன அடி முன்னேற்றம் என்கிறார். டாமின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது முன்னேற்றமே இல்லை, பலாத்காரத்துக்கு அன்றைய அலபாமாவில் மரண தண்டனை.

ஜூரியில ஒரு கறுப்பர்கூட ஏன் இல்ல? சட்டமே அப்படியா?

ஜூரியில் கறுப்பர் கூடாது என்று சட்டத்தில் நேரடியாக எழுதவில்லை. ஜூரிப் பட்டியலில் அவர்கள் பெயரைச் சேர்க்காமலே விட்டார்கள், அவ்வளவுதான். நாவலில் வழக்கு நடக்கும் அதே 1935இல், ஏப்ரல் 1ஆம் தேதி, 'நாரிஸ் எதிர் அலபாமா' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படித் திட்டமிட்டு ஒதுக்குவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வாஷிங்டனில் வந்தது, மேகோம் மாதிரி ஊர்களுக்கு வந்து சேர ரொம்ப நாள் பிடித்தது. பெண்களும் கிடையாது, அலபாமாவில் பெண்கள் ஜூரியில் உட்கார 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மிஸ் மௌடி ஏன் ஜூரியில் இல்லை என்ற பேச்சு நாவலிலேயே வரும்.

அப்ப இது உண்மைச் சம்பவமா?

ஒரே சம்பவம் இல்லை. மூன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். முதலாவது உலகமே அறிந்தது: 1931 மார்ச்சில், அலபாமாவில் ஓடும் சரக்கு ரயிலில் இரண்டு வெள்ளைப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாக ஒன்பது கறுப்பினப் பையன்களைப் பிடித்தார்கள், ஸ்காட்ஸ்பரோ வழக்கு. சில நாட்களிலேயே விசாரித்து எட்டுப் பேருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். 1933இல் அந்தப் பெண்களில் ஒருவரான ரூபி பேட்ஸ் தான் சொன்னது பொய் என்று கோர்ட்டிலேயே சொல்லியும் ஜூரி மறுபடி தண்டித்தது. அந்தத் தீர்ப்பை ரத்து செய்த நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் அடுத்த தேர்தலில் பதவி இழந்தார். மேலே சொன்ன நாரிஸ் இந்த ஒன்பது பேரில் ஒருவர்தான்.

இரண்டாவது லீயின் சொந்த ஊரில் நடந்தது. வால்டர் லெட் என்ற கறுப்பினத்தவர்மீது இதே குற்றச்சாட்டு, மரண தண்டனை, பிறகு ஆயுளாகக் குறைப்பு. 1937இல் காசநோயால் செத்தார். அப்போது லீ சின்னப் பெண். மூன்றாவது, 1919இல் லீயின் அப்பா கொலை வழக்கொன்றில் கறுப்பின அப்பா, மகன் இருவருக்காக வாதாடித் தோற்றார், இருவரையும் தூக்கிலிட்டார்கள். நாவலில் அட்டிகஸின் முதல் இரண்டு கட்சிக்காரர்கள் தூக்கில் தொங்குவது அதன் எதிரொலியாக இருக்கலாம், நாவலில் அவர்கள் வேறு ஆட்கள் என்றாலும்.

ஜெயில் வாசல்ல வந்த கும்பல் ஒரு குழந்தை பேசினதும் கலைஞ்சு போறது சினிமாத்தனமா இல்ல?

டாமைக் கொல்ல வந்த கும்பலைச் சொல்கிறீர்கள். கொஞ்சம் அப்படித்தான். 1882 முதல் 1968 வரை அமெரிக்காவில் கும்பல்களால் கொல்லப்பட்டவர்கள் என்று அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிறுவனம் பதிவு செய்தவர்கள் மட்டும் 4,743 பேர், அவர்களில் முக்கால்வாசிக்கு நெருக்கமாகக் கறுப்பர்கள். அங்கெல்லாம் குழந்தைகள் யாரும் வந்து தடுக்கவில்லை. சில இடங்களில் குழந்தைகளை வேடிக்கை பார்க்கவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆனாலும் அந்தக் காட்சியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்கவுட் நியாயம் பேசவில்லை, அவளுக்கு நடப்பது என்னவென்றே தெரியாது. கூட்டத்தில் தெரிந்த முகமாக கன்னிங்ஹாமைப் பார்த்ததும், உங்கள் பையன் வால்டர் என் வகுப்புதான், அவனை நான் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று குசலம் விசாரிக்கிறாள். கும்பலாக வந்தவர் அந்த நிமிஷத்தில் 'வால்டரோட அப்பா' ஆகிவிடுகிறார். சின்ன ஊரில்தான் இது நடக்கும். அதே சின்ன ஊரில்தான் கும்பலும் சேரும், அதுவும் தெரிந்த முகங்களாகவே. அப்புறம், மாடி ஜன்னலில் பத்திரிகைக்காரர் அண்டர்வுட் துப்பாக்கியோடு காவல் இருந்ததை மறந்துவிட வேண்டாம்.

மயெல்லாவைப் பார்த்தா பாவமாவும் இருக்கு, கோவமாவும் இருக்கு. எப்படி எடுத்துக்கிறது?

இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். 19 வயது, குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வீடு, குடிகார அப்பா, தம்பி தங்கைகள் ஏழு பேர். உடைந்த பாத்திரங்களில் சிவப்பு ஜெரேனியம் வளர்க்கிறாள், அந்த வீட்டில் அழகாக இருக்கும் ஒரே விஷயம் அதுதான். சின்னதுகளை ஐஸ்கிரீம் தின்ன அனுப்பிவிட்டுத் தனியாக இருக்க, ஒரு வருஷம் முழுக்கக் காசு சேர்த்திருக்கிறாள். நீதிமன்றத்தில் அட்டிகஸ் மரியாதையாகப் பேசினால் கேலி செய்கிறார் என்று நினைக்கிறாள், யாரும் அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை. அவள் கையில் இருந்த ஒரே அதிகாரம் வெள்ளைத் தோல். அதை எடுத்து டாமைக் கொன்றாள்.

கால்பர்னியா ஏன் வீட்ல ஒரு மாதிரியும் சர்ச்ல ஒரு மாதிரியும் பேசுறாங்க?

ஸ்கவுட்டும் இதையேதான் கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கால்பர்னியாவோடு கறுப்பர்களின் தேவாலயத்துக்குப் போகிறார்கள், விடுதலையான அடிமைகளின் முதல் சம்பாத்தியத்தில் வாங்கியது என்பதால் அதற்கு 'முதல் கொள்முதல்' என்று பெயர். பாட்டுப் புத்தகமே கிடையாது. கால்பர்னியாவின் மகன் ஒரு வரி படிக்க, கூட்டம் திரும்பப் பாடும், ஏனென்றால் அங்கே எழுத்துத் தெரிந்தவர்கள் நாலே பேர். எனக்குத் தெரிந்ததை எல்லாம் காட்டிக்கொண்டால் சுற்றியிருப்பவர்களுக்குப் பிடிக்காது, அவர்கள் பேச்சில் பேசுவதுதான் முறை என்கிற மாதிரி பதில் சொல்கிறார் கால்பர்னியா. கிராமத்து வீட்டுக்குப் போனதும் பேச்சு தானாக மாறிவிடுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஸ்கவுட்டுக்கு அன்றுதான் ஒன்று உறைக்கிறது, கால்பர்னியாவுக்குத் தன் வீட்டுச் சமையலறைக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று. உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறாள். நாவலில் அந்த வீட்டுக்கு அவள் போவதே இல்லை.

டூபோஸ் பாட்டி அத்தியாயம் எதுக்கு? கதைக்கு சம்பந்தமே இல்லையே.

வாய் முழுக்க வசையும் இனவெறியுமாக இருக்கும் கிழவி, மார்ஃபினுக்கு அடிமையாகி, சாவதற்குள் அந்தப் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்று துடித்து ஜெயிக்கிறார். அவரைத்தான் தான் பார்த்ததிலேயே துணிச்சல்காரர் என்கிறார் அட்டிகஸ். வாசகருக்கு வயிறு எரியும். எரியட்டும், இந்த நாவலில் நல்லது தனியாக வருவதில்லை.

வளர்றதைப் பத்தின நாவல்னு சொல்றாங்க. அது எந்த இடத்துல நடக்குது?

எனக்கு மூன்று இடங்கள். முதலாவது, மேலே சொன்ன டில் அழுகிற இடம். வெளியே உட்கார்ந்திருக்கும் டால்ஃபஸ் ரேமண்ட் அவனுக்குக் குடிக்கக் கொடுக்கிறார். ஊர் அவரைக் குடிகாரர் என்று நினைக்கிறது, காகிதப் பைக்குள் இருப்பதோ கோக்கோ கோலா. இன்னும் கொஞ்சம் வயசானால் இவன் இதற்கெல்லாம் அழ மாட்டான் என்கிறார். இவ்வளவு குரூரமான ஒரு வாக்கியத்தை இவ்வளவு சாதாரணமாக எழுத முடியுமா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அந்த ஊரில் வளர்வது என்றால் அழுகை நின்றுபோவது.

இரண்டாவது, மிஷனரிப் பெண்கள் கூடும் தேநீர் விருந்து. ஆப்பிரிக்காவில் எங்கோ இருக்கும் பழங்குடிகளுக்காக உருகும் அம்மாக்கள், தீர்ப்புக்குப் பிறகு தங்கள் வீட்டு வேலைக்காரிகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பதாக அலுத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் அட்டிகஸ் சமையலறைக்கு வந்து டாம் இறந்த செய்தியைச் சொல்கிறார். அத்தை ஒரு நிமிஷம் உடைந்துபோகிறார், பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு பலகாரத் தட்டோடு உள்ளே போகிறார். ஸ்கவுட்டும் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறாள். பெண்ணாக இருப்பது என்றால் என்ன என்று அவள் முதல்முறை கற்றுக்கொள்வது அங்கே. அந்த விருந்தை விட்டு அவளும் எழுந்து போய்விடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது மிஸ் கேட்ஸ் வகுப்பு. ஹிட்லர் யூதர்களுக்குச் செய்வதைச் சொல்லி, நம் நாட்டில் யாரையும் அப்படி நடத்த மாட்டோம் என்று பெருமையாகப் பாடம் நடத்துகிறார் டீச்சர். ஆனால் டாம் தீர்ப்பு வந்த அன்று அதே டீச்சர் நீதிமன்றப் படியில், இவர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டியதுதான், இல்லாவிட்டால் நம்மைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றே நினைப்பார்கள் என்று பேசியது ஸ்கவுட் காதில் விழுந்திருக்கிறது. இதை ஜெம்மிடம் கேட்கிறாள். அவன் கத்துகிறான், இனிமேல் அந்தக் கோர்ட் பேச்சையே எடுக்காதே என்று. பதில் இல்லை.

டாம் ஏன் ஓடினார்? அப்பீல்ல ஜெயிச்சிருக்கலாமே.

அட்டிகஸ் அப்படித்தான் நம்பினார். டாம் நம்பவில்லை. வெள்ளைக்காரர்கள் காட்டும் வாய்ப்புகளில் சலித்துப்போய்த் தன் வாய்ப்பைத் தானே எடுத்துக்கொண்டார் என்று அட்டிகஸே சொல்கிறார். சிறை வேலியில் ஏறியபோது சுட்டார்கள், 17 தோட்டா. ஊர் இரண்டு நாள் பேசிவிட்டு, இவர்கள் புத்தியே ஓடிப்போவதுதான் என்று முடித்துக்கொண்டது. சூம்பிய கையோடு ஒருவர் எப்படி வேலி ஏறினார் என்ற சந்தேகம் பலருக்கு வரும், நாவலுக்குள் அதற்குப் பதில் கிடையாது.

கடைசியில யூவெல்லைக் கொன்னது யார்? ஷெரிஃப் மூடி மறைச்சது சரியா?

ஹாலோவீன் இரவில் யூவெல் பிள்ளைகளைக் கொல்ல வருகிறார், ஜெம்மின் கை உடைகிறது, பூ ராட்லி வெளியே வந்து காப்பாற்றுகிறார், அந்தக் கைகலப்பில் யூவெல் சாகிறார். தன் கத்தியிலேயே விழுந்து செத்தார் என்று ஷெரிஃப் டேட் எழுதிக்கொள்கிறார். வெட்கப்பட்டு ஒளிந்து வாழும் பூவை ஊரின் வெளிச்சத்தில் நிறுத்துவது மாக்கிங்பேர்டைச் சுடுவது மாதிரி என்று ஸ்கவுட் ஒத்துக்கொள்கிறாள்.

மனசுக்கு இதமான முடிவு, ஆனால் யோசித்தால் நெருடும். டாமுக்குச் சட்டம் ஒவ்வொரு எழுத்தாக நடந்து கொன்றது. பூவுக்காக அதே சட்டத்தை ஒரு நல்ல மனிதர் வாசலில் நின்று மடித்து வைக்க முடிகிறது. பூ வெள்ளைக்காரர். இந்த வேறுபாட்டை லீ வேண்டுமென்றே வைத்தாரா என்பது வாசகர் சண்டை, எங்கள் வட்டத்தில் இன்னும் தீரவில்லை.

அட்டிகஸ் ஒரு 'வெள்ளை ரட்சகர்', இதெல்லாம் பழைய கதைனு சொல்றாங்களே?

கறுப்பர்களைக் காப்பாற்ற வரும் நல்ல வெள்ளைக்காரர் என்ற வார்ப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சொல்பவர்கள் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. 1992இல் சட்டப் பேராசிரியர் மன்ரோ ஃப்ரீட்மன், 2009இல் எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் இருவரும் கேட்டது ஏறக்குறைய ஒன்றுதான்: இந்த மனிதர் தன் ஊரின் அமைப்பை என்றைக்காவது எதிர்த்தாரா? வழக்கு அவராகத் தேடிப் போனதில்லை, நியமித்ததால் எடுத்தார். வெள்ளை இனவெறி இயக்கமான கு க்ளக்ஸ் க்ளான் பெரும்பாலும் அரசியல் அமைப்புதான் என்று பிள்ளைகளிடம் சொல்கிறார். கன்னிங்ஹாமுக்கு ஒரு குருட்டுப் புள்ளி, மற்றபடி நல்லவர் என்கிறார். அந்தக் குருட்டுப் புள்ளி அன்றிரவு ஒரு உயிரைக் கேட்டு வந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய குறை, முன்பு சொன்ன பறவை உவமைதான். மாக்கிங்பேர்ட் பாடும், தீங்கு செய்யாது, திருப்பித் தாக்காது. டாமும் அப்படியே இருக்க வேண்டியிருக்கிறது. கோபப்படும் டாமை, எதிர்த்துப் பேசும் டாமை இந்த நாவல் கற்பனை செய்யவே இல்லை. அவர் மனைவி ஹெலனின் வீட்டுக்குள் நாம் நுழைவதும் இல்லை. அதனால்தான் அட்டிகஸைக் கதாநாயகராக எடுத்துக்கொண்டால் நாவல் சின்னதாகிவிடுகிறது என்கிறேன். அப்பாவை அண்ணாந்து பார்க்கும் மகள் சொல்லும் கதை இது, அவள் கண்ணுக்கு எட்டாதது கதையிலும் இல்லை.

'கோ செட் எ வாட்ச்மேன்'ல அட்டிகஸே இனவெறியரா வர்றாராமே, அப்ப இத்தனை நாள் நம்பினது?

2015 ஜூலையில் வெளியானாலும் அது பின்கதை இல்லை, ஐம்பதுகளின் நடுவில் லீ முதலில் எழுதிய பிரதி. அதில் ஸ்கவுட்டுக்கு 26 வயது, நியூயார்க்கிலிருந்து ஊருக்கு வந்தால், இனப்பிரிவினைக்காகக் கூடிய வெள்ளைக் குடிமக்கள் மன்றத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப், குழந்தைப் பருவத்தை எழுதும்படி லீயைத் திருப்பிவிட்டார், அப்படி வந்ததுதான் நாம் படிக்கும் நாவல். அந்த முதல் பிரதியில் டாம் மாதிரியான ஒருவரின் வழக்கில் அட்டிகஸ் ஜெயித்துவிடுகிறார், இதை எத்தனை பேர் கவனித்தார்கள் தெரியவில்லை.

லீக்கு 89 வயதில், உடல் தளர்ந்த நேரத்தில் அதை வெளியிட்டது சரியா என்ற சர்ச்சையும் உண்டு. என்னைக் கேட்டால், மேலே சொன்ன குருட்டுப் புள்ளிப் பேச்சைக் கவனித்தவர்களுக்கு அந்த அட்டிகஸ் அவ்வளவு அதிர்ச்சி இல்லை.

உண்மையில கேபோட்டி எழுதிக் கொடுத்ததுதானே இது?

இல்லை. 1959இல் தன் அத்தைக்கு எழுதிய கடிதத்தில், நெல் (லீயின் முதல் பெயர்) எழுதிய நாவலைப் பார்த்தேன், பிடித்தது என்கிற அளவில்தான் கேபோட்டி சொல்கிறார். எழுதியது தானாக இருந்தால் அந்த மனிதர் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பார். புலிட்சர் பரிசு கிடைத்தது 1961இல், அதுவும் லீக்கு.

அந்தக் கெட்ட வார்த்தை நிறைய வருதே, வகுப்புல வெச்சுப் படிக்கலாமா?

கறுப்பரை இழிவாகச் சொல்லும் சொல்லைச் சொல்கிறீர்கள். அமெரிக்காவிலேயே இதனால் பள்ளிகளில் நிறுத்தியிருக்கிறார்கள், 2017இல் மிசிசிப்பியின் பிலாக்ஸி நகரில்கூட எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தார்கள். 1966இல் வர்ஜீனியாவில் ஒரு பள்ளி வாரியம் இதை ஒழுக்கக்கேடான புத்தகம் என்று தடுத்தபோது, அந்த வாரியத்தையே முதல் வகுப்பில் சேர்க்கச் சொல்லி லீ கொஞ்சம் பணம் அனுப்பிவைத்தார். எனக்குப் பிடித்த கிண்டல்.

ஆனால் அன்று தடுத்தவர்களும் இன்று தயங்குபவர்களும் ஒரே ஆட்கள் இல்லை. வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினக் குழந்தை உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் அந்தச் சொல்லைச் சத்தமாக வாசிப்பது எப்படி இருக்கும் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. சொல்லை மனதுக்குள் படியுங்கள், சத்தமாக வாசிக்கும்போது தாண்டுங்கள். புத்தகம் ஒன்றும் கெட்டுப்போகாது.

இதை நம்ம ஊர் சாதியோட ஒப்பிடலாமா?

ஜெம் ஓரிடத்தில் ஊரில் நாலு வகை ஆட்கள் என்று பட்டியல் போடுகிறான்: நம்மைப் போன்றவர்கள், கன்னிங்ஹாம்கள், யூவெல்கள், கறுப்பர்கள், ஒவ்வொருவருக்கும் கீழே இருப்பவரைப் பிடிக்காது. இதைப் படித்துவிட்டு நம் ஊர் நினைவு வராதவர் இருந்தால் ஆச்சரியம்தான். அம்பேத்கரே 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், இரண்டு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சொல்லி. ஆனால் முழுசாகப் பொருத்தாதீர்கள். அங்கே 1935இல் சட்டமே பிரித்து வைத்தது, இங்கே தீண்டாமையை அரசியல் சட்டம் ஒழித்த பிறகும் டீக்கடையில் தனி டம்ளர் இருந்தது.

படம் பார்த்தா போதுமா?

1962 படம் நல்ல படம், கிரெகரி பெக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் அது அட்டிகஸின் படம். அத்தை அலெக்ஸாண்ட்ரா இல்லை, கால்பர்னியாவின் தேவாலயம் இல்லை, தேநீர் விருந்து இல்லை, மிஸ் கேட்ஸ் இல்லை. வளர்வது பற்றிய கேள்வியில் நான் சொன்ன மூன்று இடங்களையுமே காணோம்.

ஆங்கிலம் கஷ்டமா இருக்கு, முதல் அத்தியாயத்துலயே நின்னுட்டேன். என்ன பண்றது?

முதல் சில பக்கங்கள் குடும்ப வம்சாவளி, கொஞ்சம் கடிக்கும். ஃபிஞ்ச் குடும்பத்து மூதாதை சைமன் வரும் பத்திகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு டில் வரும் இடத்துக்குப் போய்விடுங்கள், அங்கிருந்து ஓடும். பேச்சுவழக்கு புரியாவிட்டால் வாய்விட்டுப் படியுங்கள், எழுத்தில் விளங்காதது காதில் விளங்கிவிடும். வம்சாவளிக்குக் கடைசியில் திரும்பி வரலாம், அந்தச் சைமன் அடிமைகளை விலைக்கு வாங்கியவர் என்று அங்கே ஒற்றை வரி இருக்கிறது.